ஹெஸ்மாரின் புள்ளிகள்

மூன்றாம் பாகம்
ஹெஸ்மார் ஆற்றைக் கடப்பதோடு முடிகிறது.
கையில் பேரேடு. முதுகுக்குப் பின்னால் காடு.
நான்காம் பாகத்துக்கு இன்னும் இரண்டு வருடமாம்.
அதுவரைக்கும்
களுவாஞ்சிகுடியில் நானும்
மருதமுனையில் இல்ஹாமும்
இரவு பத்துக்குப் பிறகு
ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு
அவன் என்ன செய்யப் போகிறான் என்று
அடிபடுகிறோம்.

எல்ஃபுகளை இல்ஹாம் நீட்டுக்காதர் என்பான்.
நீட்டுக்காதர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒவ்வொருவரிடமும் போய்
உன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டவன்
அந்தக் கதையிலேயே இவன் ஒருவன்தான்.
கேட்டான், எழுதினான்,
சில பெயர்களுக்குப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு புள்ளி வைத்தான்.
நாற்பத்தேழு. திரையை நிறுத்தி எண்ணினேன்.

"புள்ளி வெச்ச ஆக்கள ஏத்தத்தான் தோணி கட்டுறான்.
காடு எரியப் போகுது கா, அவனுக்குத் தெரியும்."
தெரியும்தான்.
எரிக்கப் போகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

இரண்டாம் பாகத்தில்
ஒரு நீட்டுக்காதுப் பிள்ளையின் அறுந்த செருப்பை
முழங்காலில் வைத்துத் தைத்துக் கொடுத்தான்.
அதே இரவு காவலரின் கிணற்றில்
எதையோ கரைத்தான்.
இரண்டுக்கும் ஒரே முகம்.
வரைந்தவர்களுக்குப் பஞ்சி என்கிறான் இல்ஹாம்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுகா, என்னுடைய கட்சி:
நீட்டுக்காதர் சாவதில்லை.
அவர்கள் சாகாதிருக்கும் ஒவ்வொரு வருடமும்
கீழ்க்கரை மனிதர்களின் வயலில்
ஒரு வரம்பளவு மண் உப்பாகிறது.
ஓடக்காரன் ஒருவன் போகிறபோக்கில் சொல்வது இது,
பலர் தட்டித் தாண்டிவிடுவார்கள்.
ஹெஸ்மாரின் அம்மா கீழ்க்கரை.
ஆகவே அவன் கொல்லப் போவதில்லை,
சாவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான்.

"அதுக்கும் கொல்லுறதுக்கும் என்ன வித்தியாசம்?"
"நாள் குறிக்கமாட்டான்."
இல்ஹாம் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவன் பக்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அப்படியென்றால் புள்ளி?
கேட்டு வாங்கியவர்களாக இருக்கலாம்,
எண்ணூறு வருடம் இருந்து அலுத்தவர்கள்.
அல்லது, கேட்கத் தெரியாதவர்கள்.

கடைசிக்கு முதல் காட்சியில்
நரைத்த சடையோடு ஒருத்தி
பேரேட்டை எட்டிப் பார்க்கிறாள்:
என் பெயருக்குப் பக்கத்தில் இது என்ன?
ஒன்றுமில்லை என்கிறான். மூடுகிறான்.
நான் கொன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தேன்.

பகலில் எனக்குப் பிரதேச செயலகத்தில் வேலை.
வெள்ள நிவாரணப் பட்டியல்.
பெயரில் ஒரு கொம்பு குறைந்தால்
அடையாள அட்டையோடு பொருந்தாது,
பொருந்தாவிட்டால் அரிசி இல்லை.
அதனால் எல்லோரிடமும் கேட்பேன்,
எப்படி எழுதுறது என்று.
சந்தேகமான வீடுகளுக்குப்
பென்சிலால் ஒரு புள்ளி.

போன கிழமை, மகிளூர் நேசரெத்தினம்,
கணுக்காலில் காய்ந்த சேறு,
மேசைக்கு மேலால் குனிந்து பார்த்தா.
"இந்தப் புள்ளி என்னத்துக்குப் புள்ள?"
நான் என்ன சொல்லியிருப்பேன் என்று
உங்களுக்குத் தெரியும்.
அவவின் வயதுக்கு
பெயர் வாசித்தவர்களும்
வாசித்ததும் எழும்பிப் போனவர்களும்
நினைவுக்கு வந்திருக்கக்கூடும்.
நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.
கையெழுத்து வைத்துவிட்டு
குடையை மறந்துவிட்டுப் போனா.

இதை இல்ஹாமுக்குச் சொல்லவில்லை.
ஒன்றே முக்காலுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான்:
"ஒண்டு யோசிச்சன் கா.
புள்ளி ஒண்டுமே இல்லாமலும் இரிக்கலாம்.
எழுதுறதுக்கு முதல்
பேனைய வெச்சுக்கொண்டு நிண்ட இடம்.
அவனுக்கே திட்டம் இல்லாட்டி?"

திங்கட்கிழமை அழிறப்பர் கொண்டுபோனேன்.
இருபது வீட்டுக்கு மேல் புள்ளி.
அழித்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்று
எனக்கே தெரியாமல் போகும்.
லாச்சிக்குள் போட்டேன்.
மழை திரும்பத் தொடங்கியிருந்தது.
வரிசையில் அடுத்தவர்
என் பென்சிலைத்தான்
பார்த்துக்கொண்டு நின்றார்.